பழைய லேப்டாப், செத்துப்போன கிராபிக்ஸ் சிப், சிம் லிம்மில் 45 வெள்ளி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சிங்கப்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் மேல் மாடி ஒன்றில், போன் உறை விற்பவரிடம் பாதி மேசையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒரு தமிழ்த் தம்பி உட்கார்ந்திருக்கிறார். ரோச்சோர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

என் லேப்டாப் 2012இல் வாங்கியது. மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ7, அதோடு தனியாக ஒரு கிராபிக்ஸ் சிப். டியூஷன் பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் அடிக்கத்தான் பெரும்பாலும் வைத்திருக்கிறேன். ஒரு நாள் விண்டோஸ் திறந்த ஒரு நிமிடத்தில், இழை பிரிந்த பட்டுப்புடவை மாதிரி திரை முழுக்கக் கோடு கோடாக வந்து, அப்படியே உறைந்து, அப்புறம் நீலத்திரை. அதில் ‘விடியோ டிடிஆர் ஃபெயிலியர்’ என்று ஒரு வரி.

வீட்டுப் பக்கத்தில் ஒரு கடை, பெயர் வேண்டாம், இரண்டே நிமிடம் பார்த்துவிட்டு ‘சிப்பை ரீபால் செய்யணும்’, அதாவது கழற்றி அடியில் இருக்கும் சால்டர் உருண்டைகளைப் புதிதாக வைத்து ஒட்டணும் என்று 120 வெள்ளி வாங்கினார்கள். சரியாக 19 நாள் ஓடியது. திரும்பக் கொண்டுபோனால் மதர்போர்டையே மாற்றவேண்டுமாம், இன்னொரு 380. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போ என்றார் வீட்டுக்காரர். 20,000 வெள்ளி வரைக்கும் கோரலாம்தான், ஆனால் என் 120 வெள்ளிக்கு யார் லீவு போட்டு அலைவது.

சிம் லிம் தம்பி கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடித்துவிட்டது: “அக்கா, உள்ள இருக்கறத எல்லாம் காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா?” எடுத்து வைத்திருந்தேன். ஸ்க்ரூ டிரைவரை அவர் தொடவே இல்லை. விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் வரும் பயாஸ் திரைக்குப் போய் பத்து நிமிடம் அப்படியே விட்டார், ஒரு கோடு கூட வரவில்லை. “ஸ்கிரீனோ கேபிளோ போயிருந்தா இங்கயே காட்டிக்கொடுத்திருக்கும்.” அடுத்து சேஃப் மோடு, அதிலும் சுத்தம், ஏனென்றால் அங்கே அந்தச் சிப்பின் டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், ஏறுவதில்லை. சாதாரணமாக விண்டோஸைத் திறந்ததும் உறைந்துவிட்டது. அந்த நீலத்திரை வரிக்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் புரிந்தது: விண்டோஸ் கிராபிக்ஸ் சிப்பிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு 2 நொடி காத்திருக்கும், பதில் இல்லையென்றால் டிரைவரை எழுப்பிப் பார்க்கும், அதுவும் எழவில்லையென்றால்தான் நீலத்திரை.

இதுவே டிரைவர் கோளாறாகவும் இருக்கலாம் என்று, இருந்த டிரைவரை டிடியு என்கிற மென்பொருளால் அடியோடு துடைத்துவிட்டு, தயாரிப்பாளர் கொடுத்த பழைய டிரைவரைப் போட்டார். விண்டோஸில் உள்பாகங்களைப் பட்டியல் போடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 43, அதாவது பாகம் கோளாறு சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகுதான் மூடியைக் கழற்றினார். விசிறிக்கு முன்னால் இருக்கும் செம்புத் தகடுகளில் மெத்தை தைக்கிற அளவுக்குப் பஞ்சு! சிப்பின் சூட்டைக் கடத்த அதன் மேல் வைத்திருந்த பேஸ்ட் காய்ந்த திருநீறு மாதிரி உதிர்ந்தது. சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் வைத்ததும் விசிறிச் சத்தம் பாதியானது, ஆனால் 43 மட்டும் அசையவில்லை. சிப் போய்விட்டது என்று அப்போதுதான் சொன்னார், அதற்கு முன்னால் ஒரு முறை கூடச் சொல்லவில்லை.

அந்த 19 நாள் கணக்கையும் அவரிடமே கேட்டேன். இந்த மாதிரிச் சிப்புகளில் பல நேரம் போர்டோடு ஒட்டியிருக்கும் பெரிய சால்டர் உருண்டைகள் நன்றாகத்தான் இருக்குமாம். சிலிக்கன் துண்டுக்கும் அதன் அடித்தட்டுக்கும் நடுவில் இருக்கிற நுண்ணிய இணைப்புகள்தான் சூடாகி ஆறி, சூடாகி ஆறி விரிசல் விடும். ரீபாலுக்காக வெப்பக் காற்று அடித்தால் அந்த விரிசல் கொஞ்ச நாள் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். இதெல்லாம் ஊரறிந்த கதை, 2008இலேயே லேப்டாப் சிப்புகளின் இந்தப் பலவீனத்துக்காக என்விடியா 15 முதல் 20 கோடி அமெரிக்க டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. தெரிந்தும் ‘ரீபால்’ என்று காசு வாங்குவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? டிவைஸ் மேனேஜரில் அந்தச் சிப்பை முடக்கிவிட்டார். என் மாடலில் திரைக்குப் படம் ஐ7க்குள்ளேயே இருக்கும் இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸ் வழியாகத்தான் போகிறது, அதனால் தனிச் சிப் இல்லாமலே ஓடுகிறது. எல்லா லேப்டாப்பிலும் இது நடக்காது, சிலவற்றில் தனிச் சிப் போனால் திரையே இருட்டு. விண்டோஸ் அப்டேட் தானாக டிரைவரைக் கொண்டுவந்து மறுபடி எழுப்பிவிடக்கூடாது என்று அதையும் தடுத்துவைத்தார்.

பழைய போர்டு தேடி மாற்றலாமா என்று கேட்டதற்கு, “வேணாம்க்கா, இந்த சிபியு விண்டோஸ் 11 பட்டியல்லயே இல்ல, 10க்கும் 2025 அக்டோபரோட ஆதரவு முடிஞ்சிருச்சு, அந்தக் காசைப் புதுசுக்கு வைங்க” என்றார். பெரிய வேலையை வேண்டாம் என்று அவரே தடுக்கிறார்!

45 வெள்ளி வாங்கினார், துடைத்த கூலியும் சேர்த்து. வேர்டு, யூடியூப், சூம் எல்லாம் ஓடுகிறது, வீடியோ வெட்டுவது மட்டும் ஆமை வேகம். குறை என்றால், வாட்ஸ்அப்பில் கேட்டால் மூன்று நாள் கழித்துப் பதில் வருகிறது, கார்டு எடுப்பதில்லை, காத்திருக்க நாற்காலி ஒன்றுதான், அதிலும் பாதி நேரம் போன் உறைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். மதியத்துக்கு மேல் நேரில் போங்கள், சார்ஜரையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். நான் மறந்துவிட்டு ஒரு தடவை வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.