ஃபியட் 1100 டிலைட்: ஒன்பது வருட அனுபவம்

2016-இல் சென்னையில் இந்த வண்டியை வாங்கும்போது பளபளவென்று கிரீம் கலரில் நின்றது. 1968 மாடல். இத்தாலியில் தாந்தே ஜியகோசாவின் பொறுப்பில் உருவாகி 1953-இல் வெளிவந்த 1100-இன் வழிவந்தது. மும்பை குர்லாவில் பிரீமியர் கம்பெனி தயாரித்தது. பிற்பாடு பத்மினி என்று பெயர் மாறியதும் இதே வண்டிதான்.

வாங்கிய இரண்டாம் மாதம் ஒரு வயதான மெக்கானிக், துணி சுற்றிய காந்தத்தை பாடியில் வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். கதவுகளில் பிடித்தது. இடதுபக்கக் கதவுக்குக் கீழே வந்ததும் நழுவி விழுந்தது. உளியால் தட்டினால் விரல் கனத்துக்குப் பட்டி (பெயிண்டுக்கு முன் பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை), அதற்குள்ளே தகடே இல்லை, துருப்பொடிதான். இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடிதான் எல்லாவற்றையும் தாங்குகிறது. அந்த இடத்தைப் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, புதுத் தகடு வளைத்து வெல்டிங் வைக்க நான்கு மாதம் ஆனது. பழைய வண்டி பார்க்கப் போனால் பெயிண்டில் மயங்காதீர்கள், கையில் காந்தம் இருக்கட்டும்.

அந்த வேலையின்போது முன்கண்ணாடி ரப்பரைக் கழற்றினோம். அதன் அடியில் ஒரு கோடு மட்டும் கம்பெனி பெயிண்ட், வெயில் படாத வெளிர்பச்சை. அதைப் பார்த்த பிறகு கிரீம் எதற்கு? அந்தக் கோட்டை வைத்தே கலர் கலந்து அடித்தோம்.

மாருதி இன்ஜின் போடு, கியரைத் தரைக்கு மாற்று என்று பலர் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. 1089 சிசி இன்ஜினும், ஸ்டீயரிங்கை ஒட்டிய கியரும் போய்விட்டால் மிச்சம் இருப்பது வெறும் கூடு. கியர் சிக்கியதற்குக் காரணம் கியர் இணைப்புகளில் உள்ள புஷ்கள் என்ற சிறு வளையங்கள் தேய்ந்ததுதான், மாற்றியதும் சரியாகிவிட்டது. ஒன்று மட்டும் பழக வேண்டும்: வண்டி முழுதாக நின்ற பிறகே முதல் கியர், இல்லாவிட்டால் பல் உரசும்.

கவனம் முழுக்க சூட்டின் மேல்தான். இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூடேறினால் வளைந்துவிடும். 2019 மே மாதம் திண்டிவனம் தாண்டி ரேடியேட்டர் கொதித்து, ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் தகடு போனது. லேத்தில் கொடுத்து ஹெட்டைச் சமன்செய்து பூட்டினோம். போர் தண்ணீர் ஊற்றி வந்ததில் உள்ளே உப்பு படிந்து கிடந்தது. அப்புறம் கூலன்ட் தவிர வேறெதுவும் ஊற்றுவதில்லை, கொதித்ததும் இல்லை.

ஊருக்குள் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் தருகிறது. நான்கு சக்கரத்திலும் பழைய வகை டிரம் பிரேக், இன்றைய டிஸ்க் பிரேக் போலச் சட்டென்று பிடிக்காது, அதனால் முன்வண்டிக்கு இடைவெளி விட்டே ஓட்டுகிறேன். ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இப்போது பாக்கி பின்கதவுக் கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர் பட்டையான பீடிங். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் இரண்டு ஜோடி கிடைத்தது, இரண்டுமே அகலம் அதிகம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன்.