காரைக்குடிக் கண்டாங்கி: ராம்ப்பில் நடந்த சேலை அலுவலகத்துக்கு வருமா?

ராம்ப்பில், அதாவது ஃபேஷன் ஷோ மேடையில், கைத்தறிச் சேலைக்கு மேல் பெல்ட் போடுகிறார்கள், ரவிக்கைக்குப் பதில் சட்டை, காலில் ஷூ. மொத்தத்தையும் அப்படியே எடுத்து உடுத்தினால் மாறுவேடம் போலாகிவிடும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்டாங்கிக்கு அந்த ஒன்று, கட்டும் உயரம். ஆச்சிமார் இதைப் பின்கொசுவம் வைத்துக் கணுக்காலுக்கு மேலே கட்டியவர்கள். ஷூ தெரியக் கட்டுவது செட்டிநாட்டுக்குப் புதிதே இல்லை. அகலக் கரையும் அப்போதுதான் முழுதாகத் தெரியும்.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை இது. கட்டமும் கோடும், கடுகு மஞ்சள், அரக்கு, கறுப்பு என்று அழுத்தமான நிறங்களும் இதன் அடையாளம். ரவிக்கை ஒரே நிறத்தில், முழங்கை வரை இருந்தால் போதும். பூப்போட்ட ரவிக்கை கட்டத்தோடு சண்டை போடும்.

பெரும்பாலும் கெடுவது முதல் சலவையில். அடிக்கரையின் உள்பக்கம் வைக்கும் ஃபால்ஸ் துணியைத் தைக்கும் முன்பே சேலையை ஒருமுறை அலசுங்கள். ஃபால்ஸ் துணியையும் தனியாக நனைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் வேறு வேறு அளவு சுருங்கி, அடிக்கரை நெளிநெளியாக நிற்கும், தேய்த்தாலும் படியாது. ஊறவைக்கவே கூடாது, கரைச் சாயம் சேலையின் உடல் பகுதியில் இறங்கும். உப்புத் தண்ணீர் அதைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் தனியாக, வேகமாக அலசி, நிழலில் காயப் போடுவதுதான் வழி.

கஞ்சி நீர்க்க இருக்கட்டும். கெட்டிக் கஞ்சி போட்ட சேலையில் பெல்ட்டை இறுக்கினால் கொசுவம் வயிற்றில் உப்பிக்கொள்ளும். கொசுவம் ஐந்து போதும், சற்று அகலமாக. அலுவலகத்துக்கு முந்தானையை மடித்துத் தோளில் குத்துவது நல்லது. முன்கூட்டியே தைத்த ‘ரெடிமேட்’ சேலையாக இதை மாற்றச் சொல்பவர்களிடம் கொடுக்காதீர்கள்: தடித்த நூல், மடிப்பு இடுப்பில் கட்டியாகச் சேரும், வெட்டிய பிறகு திரும்பவும் வராது.

குறையும் உண்டு. மெல்லிய பருத்தியைவிடக் கனம். ஐப்பசி மழையில் லேசில் காயாது. மாற்றி மாற்றிக் கட்ட இரண்டாவது இருந்தால் நல்லது.

ஸ்டைலிங் சேவைக்குப் பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: என்னிடம் இருக்கும் ரவிக்கைகளை வைத்தே யோசனை சொல்வீர்களா? பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் கேட்பவர் தொழில் தெரிந்தவர். மஞ்சள் பல்பின் கீழே கடுகு நிறத்தை எடைபோட முடியாது. எடுத்ததும் புதிதாக வாங்கப் பட்டியல் நீட்டுபவருக்கு, உங்கள் அலமாரியில் என்ன இருக்கிறது என்ற அக்கறை இல்லை.