"ஃபுல் கவரேஜ் அண்ணா" என்றான், நம்பினேன்: ஏரிக்குள் போன என் 18,000 டாலர்

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் நம் ஆட்கள், அதிலும் குளிர்காலத்தில் உறைந்த ஏரி மேல் வண்டியை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போகிறவர்கள், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் என் பிக்கப் வண்டி மில் லாக்ஸ் ஏரிக்குள் இறங்கிவிட்டது. நானும் என் பதினொரு வயது மகனும் வெளியே வந்துவிட்டோம். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை, அதற்கு அந்த முருகனுக்கு நன்றி. போனது பணம். 18,000 டாலர். அதில் ஒரு சென்ட்கூட இன்ஷூரன்ஸிலிருந்து வராது என்று நேற்று மாலை எழுத்துப்பூர்வமாகச் சொல்லிவிட்டார்கள். இரவு முழுக்கத் தூங்கவில்லை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஏரி மேல் வண்டி ஓட்டுவது இங்கே கிறுக்குத்தனம் கிடையாது. மினியாபொலிஸிலிருந்து வடக்கே சுமார் நூறு மைல் போனால் மில் லாக்ஸ். சுமார் 1,30,000 ஏக்கர் விரிந்த ஏரி. குளிர்காலத்தில் அது கெட்டியாக உறைந்ததும் கரையோர ரிசார்ட்காரர்கள் பனியை ஒதுக்கி, பனிக்கட்டி மேலேயே மைல் கணக்கில் சாலை போடுவார்கள். விரிசல் வரும் இடத்தில் தற்காலிகப் பாலம் வைப்பார்கள். நாம் கட்டணம் கட்டி உள்ளே போய், துளை போட்டு, சின்னக் குடில் வைத்துக்கொண்டு வால்ஐ (walleye) என்கிற மீனைப் பிடிக்கலாம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் போகின்றன. நானும் நான்கு வருடமாகப் போகிறேன், நண்பர்களின் வண்டியில். இந்த வருடம்தான் சொந்த வண்டி.

அக்டோபரில் அந்த பிக்கப்பை வாங்கினேன். பழைய வண்டி, 12,800 டாலர், மொத்தமாகக் கையிலிருந்து கட்டினேன். கடன் இல்லாத வண்டி என்று அன்றைக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பிறகு சொல்கிறேன்.

இன்ஷூரன்ஸுக்கு விசாரித்தபோது நேரடியாக ஒரு நிறுவனம் ஆறு மாதத்துக்கு 655 டாலர் கேட்டது. அப்போதுதான் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பல கம்பெனி விலைகளை ஒப்பிட்டுக் கொடுக்கும் ஒரு ஏஜென்சி. பெயர் போடவில்லை, புகார் கொடுத்திருப்பதால் இப்போதைக்கு வேண்டாம். போன் பண்ணினால் எடுத்தவன் தமிழில் பேசினான். "அண்ணா, நீங்க திருநெல்வேலியா? பேச்சுலயே தெரியுது. எங்க அம்மாவுக்குப் பாளையங்கோட்டை" என்றான். அவ்வளவுதான். இருபது நிமிடம் ஊர்க்கதை. இந்தக் குளிரில், அலுவலகம் விட்டு வந்த அலுப்பில், பாளையங்கோட்டை மார்க்கெட்டைப் பற்றி ஒருத்தன் பேசினால் மனசு இளகாமல் என்ன செய்யும்?

நான் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இல்லை. நன்றாக ஞாபகம் இருக்கிறது. "தம்பி, நான் இந்த வண்டியை வாங்குனதே ஏரி மேல ஓட்டத்தான். ஐஸ் உடைஞ்சு வண்டி உள்ள போயிட்டா காசு வருமா?" என்று கேட்டேன். "அண்ணா, கவலையே படாதீங்க. ஃபுல் கவரேஜ் போட்டிருக்கேன். அதே கவரேஜ், நமக்காக 410-க்கு முடிச்சுத் தரேன்" என்றான். அதே கவரேஜ். இந்த இரண்டு வார்த்தையை எத்தனை தடவை திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன் தெரியுமா? அன்று இரவே வாட்ஸ்அப்பில் "ஐஸ் மேல ஓட்டுவேன், மறந்துடாதீங்க தம்பி" என்று எழுதிப் போட்டேன். கட்டைவிரல் உயர்த்திய படம் பதிலாக வந்தது. மறுநாள் மின்னஞ்சலில் நாற்பது பக்கத் தாள். மளிகைக் கடை வரிசையில் நின்றுகொண்டு, போனிலேயே விரலால் கையெழுத்துப் போட்டேன். ஒரு பக்கம்கூடத் திறந்து பார்க்கவில்லை. பாளையங்கோட்டைத் தம்பி பார்த்திருப்பான் என்று இருந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை. காலையில் ரிசார்ட் வாசலில் நாள் கட்டணம் 20 டாலர் கட்டினேன். பனிக்கட்டி 18 அங்குலம் என்று பலகையில் எழுதியிருந்தார்கள். நல்ல தெளிவான பனிக்கட்டியாக இருந்தால் நடுத்தர பிக்கப்புக்கு 13 அங்குலம் வேண்டும் என்பது மாநில இயற்கை வளத் துறையின் கணக்கு. பனி கலந்து வெளுத்திருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு. அதனால் 18 என்றதும் தைரியமாகப் போனேன். வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னார்: பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியை இறக்கிவிடு, மெதுவாகப் போ. அவர் சொன்னதால்தான் இன்று என் மகன் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

சாயங்காலம் திரும்பும்போது காற்று பலமாக அடித்தது. இவ்வளவு பெரிய ஏரியில் காற்று அடித்தால் பனிக்கட்டித் தகடு மொத்தமாக நகரும். ஒரு இடத்தில் முட்டி மேடு எழும்பும், இன்னொரு இடத்தில் பிளந்து தண்ணீர் தெரியும். 18 அங்குலம் என்பது அவர்கள் துளை போட்ட இடத்தில் 18 அங்குலம், அவ்வளவுதான். கரைக்குக் கால் மைல் இருக்கும்போது, காலையில் நாங்கள் தாண்டிப் போன பாலத்தை அங்கே காணோம். வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். பறக்கும் பனியில் அடையாளக் கொம்பும் தெரியவில்லை. முன் சக்கரம் இரண்டும் சொத்தென்று இறங்கின. "அப்பா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டான் என் மகன். அவனைக் கண்ணாடி வழியாக வெளியே தள்ளிவிட்டு நானும் அந்தப் பக்கமே ஊர்ந்து வந்தேன். வண்டி உடனே மூழ்கவில்லை. மூக்கு உள்ளே, வால் மேலே என்று இரண்டு மூன்று நிமிடம் நின்றது. அப்புறம் விளக்கு எரிந்துகொண்டே கீழே போனது. ஒன்பது அடி ஆழம். தண்ணீருக்குள் அந்த விளக்கு வெளிச்சம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஷெரிப் அலுவலகத்திலிருந்து வந்தவர் தன்மையாகத்தான் பேசினார். ஆனால் சட்டம் சட்டம்தான்: மூழ்கிய வண்டியை முப்பது நாளுக்குள் உரிமையாளர் எடுத்தாக வேண்டும். எண்ணெயும் பெட்ரோலும் ஏரியில் கலக்கும் அல்லவா? எடுக்கிற வேலையும் சாதாரணமில்லை. செயின் ரம்பத்தால் பனியைச் சதுரமாக அறுத்து, முக்குளிப்பவர் உள்ளே போய்ப் பட்டை மாட்டி, மேலே மரச்சட்டம் அமைத்துச் சங்கிலியால் அங்குலம் அங்குலமாகத் தூக்குகிறார்கள். நாள் முழுக்க வேலை. 5,900 டாலர். வெளியே வந்த வண்டியில் எஞ்சினும் வயரிங்கும் போயே போய்விட்டன. பழைய இரும்புக்காரர் 700 கொடுத்தார். வண்டி 12,800, தூக்கிய கூலி 5,900, கழிவு 700. ஆக 18,000 டாலர். மகனின் கல்லூரிக்கென்று ஒதுக்கியதிலிருந்துதான் அந்த 5,900-ஐ எடுத்துக் கட்டினேன்.

ஞாயிறு காலை அந்தத் தம்பிக்குப் போன் பண்ணினேன். "ஐயோ அண்ணா, உங்களுக்கும் பையனுக்கும் ஒண்ணும் இல்லையே? நான் பாத்துக்கறேன்." திங்கள் கிளைம் போட்டேன். செவ்வாய் "அண்ணா, மீட்டிங்ல இருக்கேன்." புதன் போன் எடுக்கவில்லை. வியாழன் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அழைத்து, என் பாலிசியில் காம்ப்ரிஹென்சிவ் (மோதல் தவிர்த்த மற்ற சேதங்களுக்கான பகுதி) இல்லை, அதனால் கிளைம் நிற்காது என்றாள். எனக்குப் புரியவே இல்லை. ஃபுல் கவரேஜ் என்றேன். "அப்படி ஒரு கவரேஜ் எங்களிடம் கிடையாது சார்" என்றாள். அன்று ராத்திரிதான் அந்த நாற்பது பக்கத்தைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே பட்டியல். லயபிலிட்டி உண்டு, நோ-ஃபால்ட் (தப்பு யாருடையதானாலும் நம் காயத்துக்கான செலவு) உண்டு, இன்ஷூரன்ஸ் இல்லாதவர் மோதினால் அது உண்டு. கொலிஷன், காம்ப்ரிஹென்சிவ் இரண்டுக்கும் எதிரே சின்னதாக ஒரு கோடு. அந்தக் கோட்டின் விலை 18,000 டாலர்.

அதற்குப் பிறகு அவன் "அண்ணா" போடவில்லை. வெள்ளிக்கிழமை "சார்" ஆனேன். அடுத்த வாரம் அதுவும் போய், மேலாளர் பெயரில் ஆங்கிலத்தில் மின்னஞ்சல். ஃபுல் கவரேஜ் என்று எங்கள் ஊழியர் சொன்னது மாநிலச் சட்டம் கேட்கும் கவரேஜ் முழுவதும் என்ற பொருளில்தானாம். அழைப்பைப் பதிவு செய்தீர்களே, போட்டுக் காட்டுங்கள் என்றேன். தொண்ணூறு நாளுக்கு மேல் வைப்பதில்லையாம். அந்தக் கட்டைவிரல்? அது உங்கள் செய்தி கிடைத்தது என்பதற்கான ஒப்புகை மட்டுமே என்று எழுதியிருக்கிறார்கள். நான்கு மாதத்துக்கு முன் ஒரு மனுஷன் தெளிவாகக் கேட்ட கேள்விக்கு வந்த பதில் அது. கையெழுத்துப் போட்டது நீங்கள்தான் என்று கடைசி வரி. ஆமாம், நான்தான் போட்டேன். உன்னை நம்பித்தானே போட்டேன்?

ரிசார்ட்காரர்களிடமும் போனேன். காற்று அதிகமானதும் அந்தச் சாலையை மூடிவிட்டதாக மூன்றரை மணிக்கே முகநூலில் போட்டார்களாம். ஏரி நடுவில் சிக்னல் சரியாகக் கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியாதா? கட்டணச் சீட்டின் பின்பக்கம், வருவது உங்கள் சொந்தப் பொறுப்பு என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அதைத் திருப்பிக் காட்டினார் கவுன்டரில் இருந்தவர். வாயே திறக்கவில்லை, விரலால் காட்டினார்.

இப்போது எனக்குத் தெரிந்ததை அப்போது யாராவது சொல்லியிருந்தால்! லயபிலிட்டி என்பது நாம் அடுத்தவருக்குச் செய்யும் சேதத்துக்கு. கொலிஷன் மோதலுக்கு. திருட்டு, தீ, ஆலங்கட்டி, குறுக்கே ஓடும் மான், பனி உடைந்து வண்டி மூழ்குவது, இதெல்லாம் பொதுவாகக் காம்ப்ரிஹென்சிவில்தான் வரும். இந்த மாநிலத்தில் அது கட்டாயம் இல்லை. வண்டிக் கடன் இருந்தால் வங்கியே அதைப் போடச் சொல்லிக் கழுத்தைப் பிடிக்கும். எனக்குக் கடன் இல்லை, அதனால் கேட்பாரும் இல்லை. என் அலுவலகத்தில் ஒருவருடைய எஸ்யூவி சில வருடம் முன்னால் இதே மாதிரி மூழ்கியது. 500 டாலர் டிடக்டபிள் (நாம் கையிலிருந்து ஏற்க வேண்டிய பங்கு) போக மீதி முழுவதும் அவருக்கு வந்தது. அதே ஏரிதான். அவர் தாளில் அந்த இடத்தில் கோடு இல்லை. நான் முதலில் விசாரித்த 655 டாலர் கம்பெனியின் தாளையும் எடுத்துப் பார்த்தேன். அதில் காம்ப்ரிஹென்சிவ் இருக்கிறது. 245 டாலர் வித்தியாசம் அதற்குத்தான். அதே கவரேஜாம்!

எனக்கு மட்டும் நடந்த விபத்து என்று நினைக்காதீர்கள். 2016 பிப்ரவரியில் பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில், லேக் ஜெனீவாவில் திருவிழாவுக்கு வந்தவர்கள் பனி மேல் நிறுத்திய வண்டிகளில் இருபது வரை உள்ளே இறங்கின. நின்றுகொண்டிருந்த வண்டிகள்! 2023 டிசம்பர் கடைசியில் இங்கேயே அப்பர் ரெட் லேக்கில் பனித்தகடு பிரிந்து நூறு பேருக்கு மேல் மாட்டிக்கொண்டு, மீட்க வேண்டியதாயிற்று.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது முடியவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பாலிசியின் முதல் பக்கத்தை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். காம்ப்ரிஹென்சிவ் என்ற வரிக்கு எதிரே தொகை இருக்க வேண்டும், கோடு இருந்தால் ஏரிப் பக்கமே வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். பனி மேல் ஓட்டினால் செல்லுமா, தூக்கும் கூலி சேருமா என்று கம்பெனியிடமே மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னது, கட்டைவிரல் போட்டது எதையும் நம்பி இருக்காதீர்கள். வண்டிக்குள் இருக்கும் துளையிடும் இயந்திரம், மீன் பார்க்கும் கருவி எல்லாம் பொதுவாக வண்டி பாலிசியில் வராது, வீட்டு பாலிசியைப் பாருங்கள். காலையில் தாண்டிய பாலம் சாயங்காலம் அங்கே இருக்காது, கிளம்புவதற்கு முன் ரிசார்ட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். பெல்ட் வேண்டாம், கண்ணாடி கீழே, மணிக்குப் பதினைந்து மைல் வேகத்துக்கு மேல் வேண்டாம், முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போகாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இன்னும் ஒரு தடவை யோசியுங்கள்.

மினசோட்டா வணிகத் துறையில், இன்ஷூரன்ஸ் புகார்களை அவர்கள்தான் விசாரிக்கிறார்கள், நேற்று இரவே புகார் பதிவு செய்துவிட்டேன். வாட்ஸ்அப் குழு விளம்பரம் பார்த்துத் தமிழில் பேசும் ஏஜென்ட்டிடம் "ஃபுல் கவரேஜ்" வாங்கியவர்கள் யாராவது இருந்தால், உங்கள் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு எனக்குத் தனியாக எழுதுங்கள். ஏற்கெனவே எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே இரண்டு பேர் தாளில் அதே கோடு இருக்கிறது.