“எல்லா 16 அங்குல டயருக்கும் பொருந்தும்” என்று ஸ்டிக்கர் ஒட்டிய பனிச் செயினை வாங்காதீர்கள்

பனியில் வண்டி ஓட்டுகிறவர்கள், வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டுகிற செயினை வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் இதை ஒரு முறை படித்துவிடுங்கள். நான் ஏமாந்த மாதிரி இன்னொருவர் ஏமாறக்கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன். போன காசைப் பற்றிக்கூட எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அப்பாவையும் தங்கையையும் வண்டியில் வைத்துக்கொண்டு ஒரு மலைச்சரிவில், டயருக்குப் பிடிமானமே இல்லாமல் முக்கால் மணி நேரம் நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மலைப்பாதை ஒன்றைத் தாண்டிப் போகவேண்டிய பயணம். பனி கொட்டும் என்று வானிலை அறிக்கை சொன்னதால், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கார் உதிரிபாகக் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: “ரிம் என்ன சைஸ்?” பதினாறு அங்குலம் என்றேன். உடனே ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் ஸ்டிக்கர், “எல்லா 16 அங்குல டயருக்கும் பொருந்தும்” என்று. “வண்டி வெளியிலதான் நிக்குது, ஒரு தடவை மாட்டிப் பார்த்துடலாமா?” என்று கேட்டேன். “அதெல்லாம் தேவையே இல்ல சார், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க” என்றார். கூடவே “அவசரத்துக்கு இருக்கட்டும்” என்று நைலான் பட்டைகள் அடங்கிய ஒரு பையையும் தலையில் கட்டினார். நானும் இரண்டையும் டிக்கியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் ஒரு முறை பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

இருட்டுகிற நேரத்தில் ஏற்றம் ஆரம்பித்தது. வெளியே வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. நல்ல கடுங்குளிரில் இறுகிக் கிடக்கும் பனிக்கட்டியைவிட, இப்படி உருகுவதும் உறைவதுமாக மேலே மெல்லிய நீர்ப்படலத்தோடு இருக்கும் பனிக்கட்டி இன்னும் மோசமாக வழுக்கும். முன்சக்கரம் ஓரிடத்தில் சும்மா சுற்ற ஆரம்பித்தது. ஓரமாக நிறுத்திவிட்டுச் செயினை எடுத்தேன். தங்கை டார்ச் பிடித்தாள். உள்பக்க வளையத்தை டயருக்குப் பின்னால் கொண்டுபோய் எப்படியோ மாட்டிவிட்டேன். வெளிப்பக்கக் கொக்கியை இழுத்தால் வரவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் இழுத்தேன். வண்டியை அரைச் சுற்று நகர்த்திவிட்டு மறுபடி இழுத்தேன். கொக்கிக்கும் அது மாட்டவேண்டிய கண்ணிக்கும் நடுவில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இடைவெளி அப்படியே நின்றது. “அண்ணா, எட்டவே மாட்டேங்குது, விட்டுடு, கை கிழிஞ்சு ரத்தம் வருது பாரு” என்றாள். அப்போதுதான் பார்த்தேன்.

அடுத்து நான் செய்தது பெரிய தவறு. அந்த நைலான் பட்டைகளை எடுத்தேன். ரிம்மின் ஓட்டைகள் வழியாக நுழைத்து, டயரைச் சுற்றிக் கட்டி, பக்கிளில் இறுக்குகிற சாமான் அது. சக்கரத்துக்கு நாலு வீதம் கட்டினேன். வண்டி நகர்ந்தது. ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம், சக்கரக் குழியிலிருந்து டப் டப் என்று அடிக்கிற சத்தம். “வண்டியை அப்படியே நிறுத்துப்பா” என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) விளக்கு எரிந்தது. இறங்கிப் பார்த்தால் ஒரு பட்டை அறுந்து உள்பக்கமாகச் சுருண்டிருந்தது, இன்னொன்று காணவே இல்லை. அதன் பிறகு முக்கால் மணி நேரம் அங்கேயே. கடைசியில் பனி தள்ளும் வண்டி ஒன்று வந்தது. அந்த ஓட்டுநர் எங்களுக்கு முன்னால் மெதுவாகப் போய்ப் பாதையை வழித்து, பொடிக்கல் தூவிக்கொண்டே போக, நாங்கள் அவர் பின்னாலேயே இறங்கினோம். அவர் நன்றாக இருக்கவேண்டும்.

மறுநாள் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பட்டையின் இரும்புப் பக்கிள் ஏபிஎஸ் சென்சார் வயரை அறுத்துவிட்டிருந்தது. அதற்கு இரண்டு விரல் தள்ளிப் போகும் பிரேக் ஹோஸில் (பிரேக் எண்ணெய்க் குழாய்), ரப்பர் மேல்தோல் நகத்தால் சுரண்டியது போல வரிவரியாக உரிந்திருந்தது. அவர் அந்த இடத்தை விரலால் தடவிக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. நைலான் பட்டையை யார் என்ன சொல்லி விற்றாலும் ஓடுகிற வண்டிக்கு வாங்காதீர்கள். சேற்றிலோ பனியிலோ புதைந்த சக்கரம் நாலடி நகர்ந்து வெளியே வருவதற்கு உதவலாம், அதோடு சரி.

அன்று சாயங்காலம் செயின் பெட்டியை எடுத்து அந்த மஞ்சள் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். ஈரத்துணி போட்டு ஊறவிட்டதும் முழுதாக வந்துவிட்டது. அடியில் தயாரித்த கம்பெனியே அச்சடித்த அட்டவணை. 195/65 ஆர் 15, 205/55 ஆர் 16, 225/45 ஆர் 17, அப்புறம் இன்னும் சில. என் வண்டியின் டயர் 215/65 ஆர் 16. அது அந்த அட்டவணையில் எங்குமே இல்லை. செயின் செய்த கம்பெனி சரியாகத்தான் எழுதியிருக்கிறது. கடைக்காரர்தான் அதன் மேல் ஸ்டிக்கரை ஒட்டி மறைத்திருக்கிறார். தெரியாமல் தவறான பொருளைக் கொடுத்தார் என்று இதை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த எண்களைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள், விஷயம் பளிச்சென்று புரியும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கவாட்டுச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண்தான் ரிம், அங்குலத்தில். 205/55 ஆர் 16 என்றால் ரிம் 406 மி.மீ., மேலும் கீழும் சுவர் சுமார் 113 மி.மீ. வீதம், ஆக மொத்த விட்டம் 632 மி.மீ. இதே மாதிரி போட்டால் 195/65 ஆர் 15, 225/45 ஆர் 17 இரண்டுமே 634 மி.மீ. பக்கம் வரும். ரிம் மூன்றும் வேறு வேறு, ஆனாலும் வெளி விட்டம் கிட்டத்தட்ட ஒன்று. அதனால்தான் ஒரே செயின் மூன்றுக்கும் பொருந்துகிறது. என் 215/65 ஆர் 16-க்கு விட்டம் 686 மி.மீ. சுற்றளவில் பார்த்தால் 205/55-ஐவிட 17 செ.மீ. அதிகம். அந்த இருட்டில் கொக்கிக்கும் கண்ணிக்கும் நடுவில் நான் பார்த்த இடைவெளி இதுதான். செயின் டயரின் வெளிப்பக்கத்தைச் சுற்றுகிறது, ரிம்மை அது தொடுவதே இல்லை. ரிம் அளவை மட்டும் கேட்டுவிட்டுச் செயினை எடுத்துக் கொடுக்கிறவர், பாதி விஷயம் கேட்காமலே கொடுக்கிறார்.

என் செயின் சின்னதாக இருந்ததால் மாட்டவே முடியாமல் போனது. பெரிதாக இருந்திருந்தால் இன்னும் ஆபத்து. சுலபமாக மாட்டிவிடலாம், கொஞ்ச தூரம் ஓடியதும் தொளதொளவென்று ஆகி, சுற்றுகிற வேகத்தில் சக்கரக் குழியையும் பிரேக் ஹோஸையும் சாட்டை மாதிரி அடிக்கும்.

இனி வண்டியோடு வந்த கையேடு. அதில் டயர் செயின் என்று ஒரு பக்கம் இருக்கும், பெரும்பாலும் நாம் திறக்காத பக்கம். எந்த டயர் அளவில் செயின் போடலாம், எதில் போடக்கூடாது, எந்தச் சக்கரத்தில் போடவேண்டும், கண்ணி எத்தனை மில்லிமீட்டர் வரை துருத்தலாம் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. ஒரே மாடல் வண்டியிலேயே சின்ன ரிம் உள்ளதில் செயினை அனுமதித்து, அகலமான டயர் உள்ளதில் தடை செய்திருப்பதும் உண்டு. டயரின் உள்பக்கத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவில் இடம் போதாது என்பதுதான் காரணம். “எஸ்ஏஇ வகுப்பு எஸ்” (எஸ்ஏஇ என்பது வாகனப் பொறியாளர்களின் சங்கம்) என்று கையேட்டில் போட்டிருந்தால், டயரின் முகத்துக்கு, அதாவது தரையைத் தொடுகிற பரப்புக்கு மேலே 37 மி.மீ., உள்பக்கச் சுவருக்கு அப்பால் 15 மி.மீ. இடம்தான் குறைந்தபட்சம் இருக்கிறது என்று பொருள். அந்த வண்டிக்குத் தடித்த கண்ணி ஆகாது. மெல்லிய கண்ணிச் செயினோ, கேபிள் வகையோ, துணி உறையோதான் வாங்கவேண்டும்.

துணி உறை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது ஏமாற்று வேலை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். டயர் மேல் சாக்ஸ் மாதிரி மாட்டுகிற, அடர்த்தியாக நெய்த துணி. பனியையும் பனிக்கட்டியையும் அது நன்றாகவே கவ்வுகிறது, எடை குறைவு, இடம் நெருக்கமான வண்டிக்குப் பாதுகாப்பும்கூட. வாங்கும்போது ஈஎன் 16662-1 என்ற ஐரோப்பியத் தரக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள், 2020-இல் வந்த தரம் அது. குறியீடு இல்லாத மலிவுப் பிரதிகளும் கடையில் தொங்குகின்றன. துணி உறையின் பலவீனம், வெறும் தார்ச்சாலையில் சீக்கிரம் தேய்ந்து கிழிந்துவிடும். நான் போகிற பாதையில் பனி கொஞ்சம், தார் கொஞ்சம் என்று மாறி மாறி வரும். அதனால் எனக்குச் சரிப்படவில்லை. பனி மூடிய சாலையில் எப்போதாவது சில கிலோமீட்டர் போகிறவர்களுக்குத் தாராளமாகப் போதும்.

செயினிலேயே ஏணிப்படி மாதிரி குறுக்குச் சங்கிலிகள் மட்டும் உள்ள வகை மலிவாகக் கிடைக்கும். முன்னே இழுப்பதற்கு அது நன்றாக உதவும், ஆனால் பக்கவாட்டில் வழுக்கும்போது பிடிமானம் குறைவு. ஒரு குறுக்குச் சங்கிலிக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெறும் ரப்பர்தான் தரையைத் தொடுகிறது. சாய்சதுரமாகப் பின்னிய வகையில் எப்போதும் ஏதாவது ஒரு கண்ணி தரையில் இருக்கும். வளைவு நிறைந்த மலைப்பாதைக்கு நான் இதைத்தான் சொல்வேன். டயரில் தெளிக்கிற ஸ்ப்ரே ஒன்றையும் அந்தக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். சில நிமிட ஓட்டத்தில் தேய்ந்துபோகிற பொருள், செயினுக்கு மாற்றாக நினைக்கவே வேண்டாம். “உங்க டயர்ல எம்+எஸ் போட்டிருக்கே, அதுவே பனி டயர்தான்” என்று வேறு சொன்னார். எம்+எஸ் (சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்பது டயர் முகத்தில் உள்ள பட்டன் அமைப்பை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்கிற குறி. பனியில் சோதித்துத் தேறிய டயரில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனிப்பூவுமாக ஒரு சின்னம் இருக்கும்.

இரண்டாவது முறை வேறு கடைக்குப் போனேன். அங்கே இருந்த பெண் டயரில் உள்ள எண் முழுவதையும் கேட்டார், எந்தச் சக்கரம் இழுக்கிற வண்டி என்று கேட்டார், கையேட்டின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வரச் சொன்னார். நான் வாங்கியது கையேடு சொன்ன தடிமனில் சாய்சதுரப் பின்னல். வீட்டு வாசலில் உலர்ந்த தரையில் மூன்று முறை மாட்டிக் கழற்றினேன். முதல் முறை இருபத்தைந்து நிமிடம், மூன்றாவது முறை எட்டு நிமிடம். மாட்டியதும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயருக்குப் பின்னால் டார்ச் அடித்து, எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். பனியில் மாட்டிய பிறகு ஐம்பது நூறு மீட்டர் ஓட்டி நிறுத்தி, மறுபடி இறுக்கவேண்டும். செயின் முதலில் எப்படியும் கொஞ்சம் தளரும். மணிக்கு 50 கி.மீ. தாண்டவே கூடாது, உங்கள் செயினின் தாளில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. முன்சக்கரத்தில் மட்டும் போட்டுக்கொண்டு இறக்கத்தில் வருகிறவர்கள் பிரேக்கை மென்மையாகத் தொடுங்கள், பின்பக்கம் வெட்டிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும். ஃபோர் வீல் டிரைவ் வைத்திருக்கிறவர்களும் பிரேக் போட்டு வண்டியை நிறுத்துகிற விஷயத்தில் மற்றவர்கள் மாதிரிதான்.

பழைய கடைக்கு அட்டவணையையும் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். “பிரிச்சுப் பயன்படுத்திட்டீங்க, திருப்பி எடுக்க முடியாது” என்றார் முதலில். ஸ்டிக்கர் படத்தைக் காட்டியதும் குரல் இறங்கியது. செயினுக்கு உண்டான பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார். நைலான் பட்டைக்கும், சென்சார் வயருக்கும் ஹோஸுக்கும் ஆன செலவுக்கும் கையை விரித்துவிட்டார். நான் கிளம்பும்போது அதே அலமாரியில் அதே மஞ்சள் ஸ்டிக்கரோடு ஐந்தாறு பெட்டிகள் இருந்தன. இதை எல்லாப் பெட்டியிலிருந்தும் கிழித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சரி சரி என்றார். பத்து நாள் கழித்து அந்த வழியாகப் போனபோது கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். ஸ்டிக்கர்கள் அப்படியே இருந்தன, பெட்டிதான் இரண்டு குறைந்திருந்தது.