ஜார்ஜ் டவுனை நடந்து பார்க்க: எட்டுப் பேரோடா, ஐம்பது பேரோடா, தனியாகவா?

சென்னையில் பழைய இடம் பார்க்க வேண்டும் என்றால் பலரும் மயிலாப்பூருக்குக் கிளம்பிவிடுவார்கள். என் மனசு பாரிமுனைப் பக்கம்தான் போகும். மண்ணடி, பூக்கடை, சௌகார்பேட்டை எல்லாம் சேர்ந்த ஜார்ஜ் டவுனில் மூன்று விதமாகவும் நடந்திருக்கிறேன். காசு கட்டி ஒரு சிறு குழுவோடு, ஆகஸ்டில் சென்னையின் பிறந்த நாளைக் கொண்டாடும் மெட்ராஸ் வாரத்தை ஒட்டி நடக்கும் இலவச நடையில் பெருங்கூட்டத்தோடு, அப்புறம் கையில் போனை வைத்துக்கொண்டு தனியாக. முதல் தடவை போகிறவர் என்னைக் கேட்டால் தயங்காமல் சிறு குழுவைச் சொல்வேன்.

ஏன் என்பதற்கு ஆர்மீனியன் தேவாலயம் ஒன்றே போதும். அது இருக்கும் ஆர்மீனியன் தெருவைப் பழைய ஆட்கள் ‘அரண்மனைக்காரன் தெரு’ என்பார்கள். அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை. ஆர்மீனியக்காரன் என்பது தமிழ் வாயில் புழங்கிப் புழங்கி அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. போன் வரைபடத்தில் இதெல்லாம் வராது. இப்போதிருக்கும் தேவாலயம் 1772-ல் கட்டியது. வாசலைத் தாண்டினால் தெருச் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். முற்றத்தில் தரையோடு தரையாகக் கல்லறைக் கற்கள். அங்கேதான் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் அடங்கியிருக்கிறார். உலகிலேயே முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794-ல் இந்த ஊரில்தான் வெளிவந்தது. நடத்தியவர் அவர்.

எட்டுப் பேராகப் போன அன்று, ஒரு கல்லைச் சுற்றி எல்லோரும் குந்தி உட்கார்ந்தோம். வழிகாட்டி குரலை உயர்த்தவே இல்லை. எழுத்தின் வெட்டில் விரலை வைத்தால் ஓரங்கள் மழுங்கியிருப்பது தெரிந்தது. இதே முற்றத்துக்கு ஐம்பது பேராகப் போனபோது நான் பார்த்தது முன்னால் நின்றவரின் முதுகுப் பையை. தகவல் காதில் விழுந்தது, ஆனால் எந்தக் கல்லைப் பற்றிச் சொல்கிறார் என்று கடைசி வரை தெரியவில்லை.

தெருவிலும் இதே கதைதான். தம்புச் செட்டித் தெருவில் ஒரு பக்கம் மீன்பாடி வண்டி, இன்னொரு பக்கம் இறக்கிவைத்த பெட்டிகள், நடுவே பைக். ஐம்பது பேர் நின்றால் வழி அடைபடும். சுமை தூக்கி வருகிறவர் நமக்காகக் காத்து நிற்க வேண்டியிருக்கும். அது அவர் பிழைப்பு நடக்கும் தெரு. எட்டுப் பேர் என்றால் ஒரு கடைப் படியோரம் ஒதுங்கிவிடலாம்.

அந்தத் தெருவில்தான் காளிகாம்பாள் கோயில். 1677 அக்டோபர் 3-ம் தேதி சத்ரபதி சிவாஜி இங்கே வந்து கும்பிட்டார் என்று கோயிலில் சொல்வார்கள். நல்ல வழிகாட்டி இதைக் கோயில் சொல்லும் செய்தியாகவே சொல்லி, ஆவணத்தில் இருப்பதைத் தனியாகச் சொல்வார். எல்லாவற்றையும் ஒரே குரலில் வரலாறு என்று அடித்துவிடுகிறவரோடு காசு கட்டிப் போவது வீண்.

அதற்காக இலவச நடையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பல வருடம் ஆவணங்களில் உழன்றவர்கள் சம்பளம் வாங்காமல் வந்து பேசுகிறார்கள். பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக 1773-ம் ஆண்டைத் தாங்கிய ஓர் எல்லைத் தூண் நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கான பேர் அதைத் தாண்டிப் போகிறார்கள். அது ஏன் அங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது இலவச நடையில்தான். 1746-ல் பிரெஞ்சுக்காரர்களிடம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பறிகொடுத்து, 1749-ல் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்கள், சுற்றிலும் வீடுகள் இருந்தால் எதிரி மறைந்துகொள்வான் என்று பயந்தார்கள். கோட்டையை ஒட்டி, இந்தியர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் பட்டணத்தை இடித்து வெற்று மைதானமாக்கினார்கள். அந்த மைதானத்துக்கு உள்ளே யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்பதற்கு அடையாளம்தான் அந்தத் தூண். இன்றைய உயர் நீதிமன்றப் பக்கம் இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அப்போது போயிற்று. பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த நிலத்திலும் பணத்திலும், மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியோடு, பூக்கடைப் பக்கம் பெருமாளுக்கும் சிவனுக்குமான இரட்டைக் கோயிலாக எழுந்தது. அகலமான பாரிமுனை நடைபாதையில் நின்று கேட்க இது ஏற்ற கதை. மண்ணடி சந்துக்குள் அதே கூட்டம் தாங்காது.

சிறு குழு என்று விளம்பரம் செய்வதையெல்லாம் நம்பிவிடவும் வேண்டாம். ஒருமுறை அப்படிப் பணம் கட்டிப் போனேன், வந்து பார்த்தால் இருபத்திரண்டு பேர். எனவே பதிவு செய்யும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: அதிகபட்சம் எத்தனை பேர்? பத்து, பன்னிரண்டுக்குள் என்று சொன்னால் சரி. “ஆள் வருவதைப் பொறுத்து” என்றால் வேறு இடம் பாருங்கள். எந்தக் கிழமை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு காலையில் கடைகள் மூடியிருக்கும், பழைய மாடிகளையும் மரத் தூண்களையும் அண்ணாந்து பார்க்கலாம். வியாபாரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வாரநாள்தான். பகலில் கோயில்கள் நடை சாத்திவிடும் என்பதால் சீக்கிரம் தொடங்குகிற நடையே நல்லது.

தனியாகப் போவதை இரண்டாம் தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மண்ணடியிலும் உயர் நீதிமன்றத்திலும் மெட்ரோ நிற்பதால் போய்வருவது சுலபம். குழுவில் போனால் பிடித்த இடத்தில் அரை மணி நேரம் நிற்க முடியாது. ஏழுகிணற்றில் வீராசாமி தெருவில் வள்ளலார் வாழ்ந்த வீடு இருக்கிறது. அங்கே நான் தனியாகப் போன அன்றுதான் அமைதியாக உட்கார முடிந்தது. அங்கிருந்து கந்தகோட்டம் நடை தூரம்தான். அவர் பாடிய முருகன் கோயில் என்று தெரிந்துகொண்டு, அந்த வீட்டிலிருந்து நடந்தே போய்ச் சேருங்கள்.

சாப்பாட்டிலும் தனி ஆளே ஜெயிக்கிறார், கூட ஒரு நண்பர் இருந்தால் இன்னும் நல்லது. குழு நடையில் ஏற்கெனவே பேசிவைத்த கடையில் அளந்துவைத்த டம்ளரில் ஏதாவது வரும். மாலையில் பர்மா பஜாருக்குப் பின்னால் செகண்ட் லைன் பீச் ரோட்டுக்குப் போங்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ அங்கே கிடைக்கும். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர் எல்லாவற்றையும் போட்டு நம் கண்ணெதிரே கையாலேயே பிசைந்து தருவார்கள். பேஜோ என்ற மொறுமொறு வறுவலை நொறுக்கிப் போடச் சொல்லுங்கள். கூடவே வாழைத்தண்டு சூப் வரும், தீர்ந்தால் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடிக்கலாம்.