எஃப்டி2ஆர் பின்பக்க ஆர்ம்: இரும்பை விடுங்கள், புஷ்ஷைப் பாருங்கள்

தினமும் வேலைக்கு ஓட்டுகிற ஹோண்டா சிவிக் டைப் ஆர் எஃப்டி2-வுக்குப் பின்பக்க ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கிற இரும்புக் கை) மாற்றப் போகிறீர்கள் என்றால், கெட்டி ரப்பர் புஷ் (ஆர்மின் முனையில் இருக்கும் மூட்டு உருளை) போட்ட, நீளம் மாற்றக்கூடிய மேல் ஆர்ம் ஒரு ஜோடி போதும். பில்லோபால் என்கிற உலோக மூட்டு வேண்டாம். பெயர் ஊர் தெரியாத மலிவு சாமான் வேண்டவே வேண்டாம். அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், மற்றவர்களுக்குக் காரணம் சொல்கிறேன்.

இந்த கார் 2007-இல் வந்து 2010-இல் உற்பத்தி நின்றது. ஆக சிங்கப்பூரில் இன்று ஓடுகிற எல்லாமே பத்தாண்டு சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) முடிந்து அதைப் புதுப்பித்த வண்டிகள், பலவற்றில் பின்பக்க புஷ் இன்னும் தொழிற்சாலையில் போட்டதுதான். என் வண்டியும் அப்படித்தான் இருந்தது. புளோக் கார்பார்க் ஹம்ப்பில் ஏறி இறங்கினால் பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம், ஈசிபி விரைவுச்சாலையில் லேன் மாறினால் முன்பக்கம் திரும்பிய பிறகு பின்பக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டு வருகிற மாதிரி ஒரு தள்ளாட்டம், அப்புறம் 225/40ஆர்18 டயர் வெளியே பார்த்தால் புதுசு, உள்பக்கம் குனிந்து பார்த்தால் மொட்டை.

டயர் தேய்ந்தால் உடனே எல்லாரும் கேம்பரைத்தான், அதாவது சக்கரத்தின் சாய்வைத்தான், திட்டுவார்கள். வண்டியின் உயரத்தை இறக்கினால் பின்சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்வது உண்மைதான், ஒரிஜினல் மேல் ஆர்மின் நீளத்தை மாற்ற வழி இல்லாததால் அந்தச் சாய்வை எடுக்க வேறு ஆர்ம் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் டயரைத் தின்கிற பெரிய வில்லன் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் பார்க்கிற திசை. சக்கரம் நேராகப் பார்க்காமல் ஓரிரு மில்லிமீட்டர் கோணலாக இருந்தாலும், போகிற தூரம் முழுக்க டயர் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகும். கேம்பர் அதோடு சேர்ந்தால் அந்த உரசல் மொத்தமும் உள்விளிம்பில் விழுகிறது. புஷ் தளர்ந்த வண்டியில் அலைன்மென்ட் மெஷின் காட்டுகிற டோ ஒன்று, பிரேக் அடிக்கும்போது இருக்கிற டோ வேறொன்று. புஷ்ஷை மாற்றாமல் அலைன்மென்ட்டுக்கு மட்டும் காசு கொடுத்துக்கொண்டே இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, எந்த புஷ்? காக்கி புக்கிட்டில் நான் வழக்கமாகப் போகும் வொர்க்‌ஷாப்பில் பில்லோபால் ஆர்ம் பற்றி விசாரித்தபோது அங்குள்ள அண்ணன் கேட்டார்: “தம்பி, இது செப்பாங்குக்கா, தேக்காவுக்கா?” ரேஸ் டிராக் உள்ள செப்பாங்கா, தினசரி போய் வருகிற தேக்காவா என்ற அந்தக் கேள்விக்குள்ளேயே முழுப் பதிலும் இருக்கிறது. பில்லோபாலில் ரப்பரே கிடையாது, உலோகக் குண்டு உலோகக் கிண்ணத்துக்குள் சுழலும். நெகிழ்வு இல்லாததால் சக்கரம் வைத்த இடத்தில் நிற்கும், டிராக்கில் அது சொர்க்கம். ஆனால் சாலையின் ஒவ்வொரு சிறு அதிர்வும் வடிகட்டாமல் உடம்புக்குள் வரும் (இந்த வண்டியின் ஸ்ப்ரிங் ஏற்கெனவே எவ்வளவு கெட்டி என்று என் மனைவியைக் கேளுங்கள்), நம் ஊர் மழைத் தண்ணீரும் மண்ணும் மூட்டுக்குள் போனால் சீக்கிரமே ஆட்டம் கண்டு ‘கிளிக் கிளிக்’ என்று பேச ஆரம்பித்துவிடும். அதிகபட்சம் 90-இல் போகிற விரைவுச்சாலைக்கு அது எதற்கு?

பாலியூரித்தேன் நடுவில் நிற்கிறது. ஒயிட்லைன், சூப்பர்ப்ரோ போன்ற ஆஸ்திரேலிய நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. ஒரே அச்சில் சுழலும் மூட்டுக்கு நன்றாக வேலை செய்யும், பல திசைகளில் முறுக வேண்டிய டிரெய்லிங் ஆர்ம் (சக்கரத்தை முன்பின் நகராமல் பிடிக்கிற ஆர்ம்) மூட்டில் போட்டால் இறுகிக்கொண்டு சஸ்பென்ஷனை வேலை செய்ய விடாது. கிரீஸ் காய்ந்தால் கிறீச்சென்று கத்தும். கெட்டி ரப்பருக்கு இந்தத் தொல்லை இல்லை. ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியே இருக்கும், முறுக்கித் திரும்பும், கிரீஸ் கேட்காது. தைவானின் ஹார்ட்ரேஸ் போன்றவர்கள் கெட்டி ரப்பர், பில்லோபால் இரண்டிலும் ஆர்ம் விற்கிறார்கள் என்பதால், ஆர்டர் போடும்போது எது என்று இரண்டு முறை பார்த்துவிடுங்கள், படத்தில் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும்.

மலிவு சாமானைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. கூட்டாளி ஒருவர் வாங்கிய பளபளப்பான நீல நிற செட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன்: வெல்டிங் ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெல்லிசு, லாக் நட்டின் மரை ஆடுகிறது. சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கிற பாகம் அது. போய்ச் சேர வேண்டிய இடம் வேலையிடமா மருத்துவமனையா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாட்டும் விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள், எனவே இதைக் கவனமாகப் படியுங்கள். வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கினால், கீழே இறக்கிய நொடியிலிருந்து அந்த ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், ஈரத்துணியைப் பிழிந்து அப்படியே பிடித்துக்கொண்டிருப்பது போல. புது புஷ் ஒரு வருடத்தில் கிழிவதற்கு இதுதான் வழக்கமான காரணம். சஸ்பென்ஷனில் வண்டியின் பாரம் விழுந்து, ஓடுகிற உயரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. எங்கள் அண்ணன் ஜாக்கை வைத்து நக்கிளை (சக்கரம் மாட்டுகிற பாகம்) அந்த உயரத்துக்குத் தூக்கி இறுக்கினார், சொல்லாமலேயே செய்தார், அதற்காகவே அவரிடம் போகிறேன். புது போல்ட்டும் சேர்த்து வாங்கிவிடுங்கள், பழைய போல்ட் புஷ் குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

நான் போட்டது தைவான் தயாரிப்பான கெட்டி ரப்பர் செட். கேம்பரை மைனஸ் ஒன்றரை டிகிரி அருகிலும், டோவை இலேசாக உள்நோக்கியும் வைத்தோம். ‘டொக்’ போய்விட்டது, லேன் மாறும்போது பின்பக்கம் முன்பக்கத்தோடு சேர்ந்தே வருகிறது, சத்தம் கூடவில்லை. குறை என்றால், நீளத்தை மாற்ற ஒவ்வொரு முறையும் ஒரு முனையைக் கழற்ற வேண்டும், அலைன்மென்ட் கடைக்காரர் முகம் சுளிப்பார். நடுவில் டர்ன்பக்கிள் (திருகினால் நீளம் மாறும் இணைப்பு) உள்ள வகை கிடைத்தால் வண்டியில் இருக்கும்போதே திருப்பலாம், கொஞ்சம் கூடக் கொடுத்து அதை வாங்குங்கள். கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரம் வெள்ளிக்குள் முடிந்தது. ஜொகூரில் கூலி குறைவுதான், ஆனால் எல்லை தாண்டக் கட்டாயமான முக்கால் டேங்க் பெட்ரோல், உட்லண்ட்ஸ் நெரிசல், அப்புறம் ஏதாவது சரியில்லை என்றால் மறுபடி அதே பயணம். எனக்கு ஒத்துவரவில்லை.

பத்து வயது தாண்டிய வண்டி வருடாவருடம் பரிசோதனைக்குப் போகிறது, அடிப்பக்கத்தையும் பார்ப்பார்கள். எந்த மாற்றம் செல்லும், எது செல்லாது என்ற விவரம் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது, வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கழற்றிய ஒரிஜினல் ஆர்மைத் தூக்கிப் போடாதீர்கள், டைப் ஆர் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே ஒரிஜினல் சாமான் கையில் இருக்கிறதா என்றுதான்.