கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துல இருந்து: கைட் ஹைடெக் கிளாஸ்ரூம், ஒரு தமிழ் மீடியம் டீச்சரோட ரிவ்யூ

எங்க கொழிஞ்சாம்பாறை கேரளாவுல, பாலக்காட்டுப் பக்கம் தமிழ்நாட்டு எல்லையில இருக்கற ஊர். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வேலை பாக்கற டீச்சருங்க என்னைப் பாத்தா கேக்கறது இதுதான், உங்க கேரளா ஸ்கூல்ல எல்லாம் ப்ரொஜெக்டர் லேப்டாப்னு சொல்றாங்களே நெசமாவே ஓடுதா, இல்ல பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கா? ஓடுதுங்க. எப்படி ஓடுதுன்னு விலாவாரியா சொல்லிடறேன்.

கேரளா ஸ்கூலுங்களுக்குக் கம்ப்யூட்டர் வசதியும் ட்ரெய்னிங்கும் குடுக்கற அமைப்புதான் கைட். 2001ல ஐடி அட் ஸ்கூல்னு ஆரம்பிச்சது, 2017ல கைட்னு ஒரு அரசு கம்பெனி ஆச்சு, அடுத்த வருஷம் ஜனவரில ஹைடெக் ஸ்கூல் திட்டம், எட்டாம் கிளாஸ்ல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் 4,752 ஸ்கூல்ல 45,000 கிளாஸ்ரூம். ரூமுக்கு ஒரு லேப்டாப், ப்ரொஜெக்டர், ஸ்பீக்கர், நெட். சாமான் வாங்கிப் போடறத யார் வேணா பண்ணலாம், ஆனா 2018க்கு முன்னாடியே பதினஞ்சு வருஷத்துக்கு மேல டீச்சருங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் இவ்வளவு பெருசா இறங்குனாங்க, நான் மார்க் போடறது அதுக்குத்தான். லீவுல ட்ரெய்னிங், ஒவ்வொரு ஹைஸ்கூல்லயும் ஐடி பொறுப்புக்குன்னு ஒரு டீச்சர், 2024ல ஏஐ வந்தப்பவும் மூணு நாள் உக்கார வச்சு லேப்டாப்ல செய்ய வச்சாங்க.

எங்க தங்கச்சி பொண்ணு படிக்கற பிரைவேட் ஸ்கூலையும் பாத்திருக்கேன், பெரிய டச் போர்டு, ஒரு கம்பெனிக்காரங்க அரை நாள் வந்து காட்டிட்டுப் போனாங்க, பாடம் பூரா இங்கிலீஷ், லைசன்ஸ் முடிஞ்சதும் உள்ள இருந்த வீடியோ எதுவும் ஓடல, இப்ப அந்தப் போர்டு மேல சார்ட் ஒட்டியிருக்காங்க. வயித்தெரிச்சலா இருக்குங்க, அதெல்லாம் பெத்தவங்க கட்டின ஃபீஸ் காசு.

கைட்ல அந்தப் பிரச்சினை இல்ல, ஏன்னா எல்லாமே ஃப்ரீ சாஃப்ட்வேர். விண்டோஸுக்குப் பதிலா, உபுண்டுவ வச்சு அவங்களே செஞ்ச லினக்ஸ், அதுல ஜியோஜீப்ரா, ஜிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபீஸ், ஸ்க்ராட்ச் எல்லாம் உள்ளயே இருக்கு, ரெனியூவல்னு ஒண்ணு கிடையாது. நான் கணக்கு டீச்சர், வடிவம் வரைஞ்சு அசைச்சுக் காட்டற ஜியோஜீப்ரா ஒண்ணே எனக்குப் போதும். பத்தாம் கிளாஸ் வட்டம் பாடத்துல ஒரு நாண் வரைஞ்சு, வில்லுல ஒரு புள்ளி வச்சு, அது நாணோட ரெண்டு முனையோட சேந்து உண்டாக்கற கோணத்த ஸ்க்ரீன்ல காட்டினேன், 50 டிகிரி. புள்ளிய இழுக்க இழுக்க 50ல இருந்து அசையவே இல்ல, நாணுக்கு அந்தப் பக்கம் போனதும் சட்டுனு 130. பின் பெஞ்ச் பையன் ஒருத்தன் எந்திரிச்சு "டீச்சர், ரெண்டையும் கூட்டினா 180 வருது"ன்னான். தேற்றத்த நான் இன்னும் போர்டுல எழுதக்கூட இல்லைங்க! சாக்பீஸ்ல எத்தனை வட்டம் போட்டாலும் புள்ளிய நகத்திக் காட்ட முடியாதே.

அடுத்தது லிட்டில் கைட்ஸ்னு பசங்களுக்கான ஐடி கிளப், இதுவும் 2018ல வந்ததுதான். எட்டாம் கிளாஸ்ல ஒரு டெஸ்ட் வச்சுப் பசங்களைச் சேக்கறாங்க, அனிமேஷன், ஹார்டுவேர், சைபர் சேஃப்டி, இப்ப ரோபாட்டிக்ஸ் கிட் வரைக்கும். எங்க ஊருல பாலக்காட்டுக் கணவாய்க் காத்து சும்மா புழுதிய வாரிக் கொட்டும், ப்ரொஜெக்டர் ஃபில்டர் அடைச்சு சூடாகிப் பாதி கிளாஸ்ல அணைஞ்சிடும். முன்னெல்லாம் சர்வீஸ் ஆளுக்குக் காத்துக் கிடப்போம். இப்ப ஒன்பதாம் கிளாஸ் புள்ளைங்க ரெண்டு பேர், ஸ்விட்ச ஆஃப் பண்ணி, ஆறட்டும்னு விட்டு, மூடியக் கழட்டி ஃபில்டர மெத்துன பிரஷ்ல தட்டி எடுத்து மாட்டிடறாங்க. அதுல ஒரு புள்ளையோட அம்மா தென்னந்தோப்புல கூலி வேலைக்குப் போறவங்க, வீட்ல கம்ப்யூட்டர் கிடையாது. மத்த டீச்சருங்களே இப்ப "அந்தப் புள்ளையக் கூப்பிடுங்க"ன்னு தேடறாங்க, எனக்குப் பெருமையா இருக்குங்க.

தமிழ்ல பாடம் இருக்கான்னு கேப்பீங்க. தமிழ் மீடியம் புக்கு நெட்ல சும்மாவே டவுன்லோட் ஆகும். கொரோனா சமயத்துல, 2020 ஜூன் 1ல, ஃபர்ஸ்ட் பெல்னு டிவிலயும் நெட்லயும் கிளாஸ் தொடங்கினப்புறம் தமிழ் மீடியம் பசங்களுக்கும் வீடியோ கிளாஸ் வந்தது. நான் கூடவே தமிழ்நாட்டு மணற்கேணி ஆப்பையும் வச்சுக்கறேன், 2023ல வந்தது, அறிவியலுக்கும் கணக்குக்கும் தமிழ்லயே வீடியோ இருக்கு. ஆனா சிலபஸ் வேற, பாட வரிசை வேற, அதனால முந்தின நாளே பாத்து எந்தத் துண்டு நம்ம பாடத்துக்கு ஒத்து வருதுன்னு எடுத்து வச்சுக்கணும், கிளாஸ்ல போய்த் தேடினா பீரியட் போயிடும். எல்லையில இருக்கறதுல இது ஒரு சௌகரியம், ரெண்டு பக்கமும் கை நீட்டலாம்.

பசங்களுக்குத் தமிழ் டைப்பிங் மட்டும் சீக்கிரமே பழக்கிடுங்க. லினக்ஸ்ல ஐபஸ்னு மொழி மாத்தி டைப் பண்ற செட்டிங் இருக்கு, அதுல தமிழ்99 கீபோர்டைச் சேத்துக்கலாம். அத எட்டாம் கிளாஸ் முதல் டேர்ம்லயே செஞ்சுட்டா ஸ்கூல் மேகஸின் வரைக்கும் அவங்களே அடிச்சுடுவாங்க.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். பிரைவேட் ஸ்கூல் நடத்தறவங்க யாராச்சும் படிச்சா, போர்டு வாங்கறதுக்கு முன்னாடி பழைய லேப்டாப் ஒண்ணுல கைட் லினக்ஸ் போட்டு உங்க கணக்கு டீச்சர் கைல ஒரு மாசம் குடுத்துப் பாருங்க, இன்ஸ்டால் பண்ணத் தெரியலன்னா பக்கத்து கவர்மெண்ட் ஸ்கூல்ல ஐடி பாக்கற டீச்சரைக் கேளுங்க, சொல்லித் தருவாங்க.